கண் தெரியாத வீரன் கார் ஓட்டிய படம்

படம் பிடித்தால் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் ஒரு வகை. பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து போகிறவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் யாருக்கும் தொந்தரவில்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. பிடிக்காத படத்தை நாலு தடவை பார்க்கிற இனம். உங்களுக்கும் இவரைத் தெரியும். திரையரங்கில் உங்கள் பின் வரிசையில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் காதுக்கு நேராக "ச்சு" கொட்டி, "அதுல இப்படி இல்லையே" என்று முனகியவர் இவர்தான். திரும்பி முறைத்தீர்களே, ஏதாவது பலன் இருந்ததா?

நாம் எடுத்துக்கொள்ளப் போகிற ஆசாமி, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தாண்டியவர். நல்ல மனுஷர். பெற்றவர்கள் போன பிறகு தங்கையைப் படிக்கவைத்து ஆளாக்கியவர். அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மற்றதிலெல்லாம் இருக்கிறது.

வாலிபத்தில் இவருடைய மாலைப் பொழுதுகளை விழுங்கியது 'எட்டு வாசல்' என்கிற வீடியோ கேம். எட்டு வாசல், வாசலுக்கு ஒரு வீரன். எட்டுப் பேரையும் கையாலும் காலாலும் அடித்துப் போட்டால் மலை உச்சிக்குப் போகலாம். போய் என்ன? ஒன்றுமில்லை, மறுபடியும் முதல் வாசல். கதை அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை ஒரு கம்பெனி படமாக எடுக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனிதருக்குக் கால் தரையில் படவில்லை.

படம் வந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், படம் கேவலம். எட்டு வாசலில் மூன்றுதான் வந்தது. மீதியைக் கட்ட மரம் கிடைக்கவில்லை போலும். சண்டையெல்லாம் கும்மிருட்டில். யார் அடித்தது என்று அடி வாங்கியவனுக்கே தெரிந்திருக்காது. கதாநாயகன் ஒவ்வொரு உதைக்கும் முன்னால் தன் பிள்ளைப் பருவத்துச் சோகத்தைச் சொல்லுகிறான். எதிரி கைகட்டிக்கொண்டு கேட்கிறான். இதெல்லாம்கூடப் போகட்டும். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளை அளந்துவிடுகிற ஆறாம் வாசல் வீரன், இரண்டு கண்ணும் தெரியாதவன், படத்தில் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான். வேகமாக வேறு.

சரி, கேவலமான படம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? வெளியே வந்து ஒரு காப்பி குடித்துவிட்டு மறந்துபோவோம். இவர் மறுநாளே மறுபடியும் போனார்.

"பிடிக்கலைன்னீங்களே, எதுக்குப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"தப்பையெல்லாம் சரியா பாத்து வச்சுக்க வேண்டாமா?"

வேண்டுமாம்! பார்த்து வைத்துக்கொண்டதை யாரிடமாவது இறக்கியாக வேண்டுமே, அதற்குக் கடை இருந்தது. கண் பரிசோதனை இயந்திரத்தில் முகவாயை வைத்து, நெற்றியை ஒட்டவைத்து, "ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் கைதிதான். அப்படி மாட்டியவர்களில் ஒருவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை.

"இப்பத் தெளிவா தெரியுதா?"

"தெரியுது சார்."

"கண்ணு தெரிஞ்ச நாமே எவ்வளவு பாத்து ஓட்டறோம்! அவனைப் போய் கார் ஓட்ட வைக்கலாமா?"

"யாரை சார்?"

கேட்டிருக்கக் கூடாது. பாவம், அந்த அம்மாள் வெளியே வந்தபோது கண்ணைவிடக் காதுதான் அதிகம் வலித்தது.

இதற்கிடையில் வெளியூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கை போன் செய்தாள். அங்கேயே ஒருவரைப் பிடித்திருக்கிறது, மூட்டும் முதுகும் பிடித்துக்கொண்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்கவைக்கிற பிசியோதெரபிஸ்ட், ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டுமா என்றாள். அண்ணன் சரி என்று சொன்னால்தான் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அண்ணன் கண்கலங்கி, வரச் சொன்னார். மனைவி மட்டும் விரலை நீட்டி எச்சரித்தாள்.

"வர்றவர்கிட்ட அந்தப் படத்தைப் பத்தி வாயைத் திறந்தீங்க, பாத்துக்குங்க."

"நான் ஏன் திறக்கறேன்? எனக்கு வேற வேலையில்லையா?"

சொன்னபடியே திறக்கவில்லை. திறந்தது வந்தவர். தேய்த்த சட்டையும் வேர்த்த நெற்றியுமாக சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், பேச்சு சற்று ஓய்ந்ததும் வருங்கால மைத்துனரைக் குளிரவைக்க நினைத்தார். அண்ணன் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்த கதையைத் தங்கை எப்போதோ புலம்பியிருந்தாள். அதிலிருந்து புத்தி தெளிவாக உள்ள எவரும் எந்த முடிவுக்கு வருவார்களோ, அந்த முடிவுக்குத்தான் அவரும் வந்திருந்தார்.

"'எட்டு வாசல்' படம் பாத்தேன் சார். ரொம்பப் பிடிச்சுது."

அடுப்படியில் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை அவரையே பார்த்தாள். காலை மிதிக்கலாமென்றால் எட்டவில்லை.

"எந்த இடம் பிடிச்சுது?" அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார்.

"அந்த... கார் ஓட்டிட்டு வர்ற இடம்."

அண்ணன் எழுந்தார். தங்கையை உள் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இது சரிப்படாதும்மா."

"என்னண்ணா சொல்றே?"

"ஆள் பாக்க நல்லாத்தான் இருக்கான். ஆனா கண்ணு தெரியாதவன் கார் ஓட்டறது தப்புன்னு தெரியலையே! அவன் கையில உன்னை எப்படிக் குடுப்பேன்?"

தங்கைக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "எழுந்து நிக்க முடியாதவங்களையெல்லாம் நடக்க வைக்கிறார்ணா அவர். நீ எனக்கு மாப்பிள்ளை பாக்கறியா, உன் கேமுக்கு ஆள் பாக்கறியா? நான் யாரைக் கூட்டிட்டு வந்தாலும் உன் மனசுல இருக்கற மாதிரி இல்லைன்னுதான் சொல்லப்போறே!"

அண்ணன் மனத்தில் கார் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளம்புங்க, போலாம்" என்றாள். அப்படிக் கிளம்பினால் திரும்பி வருகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. அது அடுப்படியில் நின்ற அண்ணிக்குத் தெரிந்தது. ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தவர் எழுந்து நின்றார். கதவு ஒன்றும் அவ்வளவு தடிமனில்லை. எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"சார், மன்னிச்சிருங்க. நான் பொய் சொன்னேன். நீங்க நாலு தடவை பாத்ததா இவங்க சொன்னாங்க. பிடிக்காத படத்தை யாராவது நாலு தடவை பாப்பாங்களா சார்?"

அண்ணிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வேறு எந்த மனிதராயிருந்தாலும் அந்தக் கேள்விக்கு வெட்கப்பட்டிருப்பார். நம் கண்ணாடிக்காரருக்கு அது காதிலேயே ஏறவில்லை. வேறொன்று ஏறியிருந்தது.

"அப்ப உங்களுக்குப் பிடிக்கலையா?"

"கொடுமை சார். முட்டி எங்கேயாவது அப்படித் திரும்புமா? அந்த உதையை உதைச்சவன் மறுநாள் என் டேபிள்லதான் படுத்திருப்பான்."

கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது. தங்கை முதல் வகுப்பில் தேறியபோதுகூட அது அப்படி மலர்ந்ததில்லை.

"நிக்கறீங்களே, உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்.

தங்கைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கல்யாணம் முடிவான சந்தோஷத்தில் இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறியது. எடுத்துப்போய்ச் சுடவைத்துக் கொண்டுவந்தாள். அதுவும் ஆறியது. இருட்டு, வாசல், சோகக் கதை, முட்டி, மறுபடியும் கார்! பொழுது சாய்ந்தது, கல்யாணத்தேதியைப் பற்றி ஒருவரும் மூச்சுவிடவில்லை. நடுவில் "ச்சு" என்று ஒரு சத்தம் கேட்டது. அண்ணன்தான் என்று திரும்பினாள். அண்ணன் இல்லை.

ஒருவழியாகப் பிரித்துக் கூட்டிக்கொண்டு படியிறங்கும்போது, மாப்பிள்ளை அவள் பக்கம் குனிந்து ஆசையோடு கேட்டார்:

"நாளைக்கு அந்தப் படத்துக்கு இன்னொரு தடவை போலாமா? மச்சான் சொன்ன தப்புல ரெண்டை நான் கவனிக்கவே இல்லை."

அவள் அங்கேயே நின்றுவிட்டாள். "நான் நெனச்சது இப்படி இல்லையே" என்று அவள் வாயிலிருந்தே வந்தது. தொற்றிக்கொண்டுவிட்டது, பார்த்தீர்களா?

கல்யாணம் நடந்தது. இரண்டாம் பாகமும் வரப்போகிறதாம். முதல் பாகத்தை ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்ததால் தயாரிப்பாளருக்கு அப்படியொரு தெம்பு. முதல் நாள் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு நாலு இருக்கை பதிவாகிவிட்டது. அவர்களுக்கு முன் வரிசையில் உட்காரப்போகிறவர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பெண் அப்போதே விடுவிடுவென்று கிளம்பிப் போயிருக்க வேண்டும், அண்ணனுக்கு நன்றாக உறைத்திருக்க வேண்டும், முடிவு இப்படி இருந்திருக்கக் கூடாது என்று உங்கள் மனத்தில் ஓர் ஓரமாக ஓடியதா, இல்லையா? ஓடியிருந்தால் பாதகமில்லை. எங்கெங்கே சரியில்லை என்று பிசகாமல் சொல்ல வேண்டுமே, அதற்காக இன்னும் மூன்று தடவை படித்துவிட்டு வாருங்கள்.