ஊதலாரின் ஜாஸ் நூதனசாலை

ஜாஸ் இசைக்கு நூதனசாலை வைத்து ஒரு முழுத் தெருவையே காலி செய்த சாதனை, உலகத்தில் எங்கள் கல்லடி ஊர் ஊதலாருக்கு மட்டுமே உரியது. அவர் வாசலைத் தாண்டப் பயந்து, வாவிக்கரையால் சுற்றிக்கொண்டு கந்தோர் வேலைக்குப் போன கோழைகளில் நானும் ஒருவன்.

காணிக் கந்தோரில் இலிகிதராகக் கோப்பெழுதி ஓய்வு பெற்றவர். அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கிக் குடும்பம் கழித்துவிட்ட கிராமபோனையும் நாற்பது இசைத்தட்டுகளையும் வாங்கி வந்து, முன்னறையில் காட்சிக்கு அடுக்கி, 'அனைத்துலக ஜாஸ் நூதனசாலை' என்று பலகை மாட்டினார். அனுமதி இலவசம். வெளியேறுவதுதான் கடினம். மூன்று நிமிடத் தட்டுக்கு முக்கால் மணிநேர முன்னுரை. அது முடிவதற்குள் பார்வையாளர் வீட்டு அடுப்பில் பால் பொங்கும்; ஆஸ்பத்திரியில் மாமனாருக்கு வருத்தம் கூடிவிடும். ஒரு தட்டையாவது யாராவது கடைசிவரை இருந்து கேட்க வேண்டும் என்பதுதான் அந்த மனிதரின் ஒரே ஆசை. ஊரில் அதற்கு ஆளில்லை.

"பூனை வாலை மிதிச்ச மாதிரிச் சத்தம். அதுக்கு ஒரு பலகை வேற!" என்பார் அவர் மனைவி பூமணியக்கா.

சுனாமி வந்த பௌர்ணமிப் போயா நாளில் பூமணியக்கா அவரை வாவிக்கு அப்பாலுள்ள கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்கு இழுத்துப் போயிருந்தார். இருவரும் தப்பினார்கள். திரும்பி வந்தபோது முன்னறை இருந்த இடத்தில் கடல் மணல் இருந்தது. கிராமபோனின் புனல் மட்டும் பக்கத்து வளவுப் பூவரசில் தொங்கியது.

முகாமில் தொண்டு நிறுவனத்து இளைஞர் படிவத்தோடு வந்தார்.

"என்ன சாமான் துலைஞ்ச, ஐயா?"

"கிராமபோன்."

"படகு, வலை, தையல் மெசின், ஆடு. இந்த நாலுதான் பட்டியல்ல இருக்கு."

"நான் ஆடு வளக்கல்ல, தம்பி."

இளைஞர் யோசித்தார். "கைப்பிடியும் ஊசியும் இருக்கிறது தையல் மெசின்தானே? கிட்டத்தட்டச் சரி, ஐயா."

மூன்றாம் மாதம் தையல் மெசின் வந்து இறங்கியது.

சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுத்த புதிய வீட்டின் முன்னறையில் பூமணியக்கா சட்டை தைக்கத் தொடங்கினார். அதே வாசலில் ஊதலார் மறுபடியும் பலகை மாட்டினார். தட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆகவே தட்டுகளை வாயாலேயே ஊதிக்காட்டினார். கீறல் விழுந்த இடத்தில் ஒரே வரியை ஏழு தடவை ஊதி, எட்டாவது தடவை தன் தொடையில் தானே தட்டித் தாண்டினார்.

நூதனசாலையின் பொற்காலம் அதுதான். காத்தான்குடியிலிருந்தும் செட்டிபாளையத்திலிருந்தும் பெண்கள் வந்து, சட்டைக்காகக் காத்திருந்து, வேறு வழியின்றி ஜாஸ் கேட்டார்கள். யுத்தம் மறுபடி மூண்டு வாவிக்கு அப்பால் பீரங்கிச் செல் விழுந்த நாளொன்றில், செல்லே பரவாயில்லை என்றாள் ஒருத்தி.

"எனக்கு நேரம் போகுதுகா!"

"ஒள்ளம் இரு புள்ள. கை மட்டும்தான் மிச்சம்."

பூமணியக்காவிடம் அந்தக் கை முடிய ஒரு யுகமாகும். மெதுவான தையற்காரி என்று பெயரெடுத்தார்.

யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. குண்டுகளால் செய்ய முடியாததைக் கொழும்பு லொறிகள் செய்தன: தைத்த சட்டைகள் கடைகளில் மலிவாகக் குவிந்தன. சமாதானத்தால் நட்டப்பட்ட ஒரே கலை நிறுவனம் எங்களுடையதுதான். பலகை கோழிக்கூட்டுக்குக் கூரையானது. ஊதலார் வாசலில் வெறுமனே உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து, போக வேறிடமில்லாமல் அங்கே போனேன். ஆளைக் கண்டதும் ஊதலார் முன்னுரையைத் தொடங்கிவிட்டார்.

"கந்தோருக்கு நேரமாகுது, அக்கா."

"ஒள்ளம் இரு மனே. நூல் கோக்கிறன்."

கோத்தார். பிறகு, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, நூலை மெல்ல உருவினார். மறுபடி கோத்தார். மறுபடி உருவினார். கண் ஊசியில் இல்லை. ஊதலாரின் உப்பிய கன்னங்களில் இருந்தது. இத்தனை காலமும் ஊர்ப்பெண்களின் சட்டைகள் ஏன் தாமதித்தன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசிச் சுரம் அடங்கிய பிறகே பொத்தானில் முதல் தையல் விழுந்தது.

"இந்தத் தட்டுக்கு மறுபக்கமும் இருக்கு தம்பி," என்றார் ஊதலார், மூச்சு வாங்க. "நேரமிருந்தா வாறியா?"

"வாறன் ஐயா."

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையில் அடுத்த பொத்தானைப் பிய்த்தேன்.