இரவல் காயம்

உலகம் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை நாடு விட்டு நாடு போன அத்தனை மனிதர்களின் கண்ணீரையும் ஒரே அண்டாவில் பிடித்து வைத்தால், அந்த அண்டாவை ஒற்றை விரலால் தூக்கிக்கொண்டு வந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் மேடையில் இறக்கி, மைக்கைத் தட்டிப் பார்த்து, "இவ்வளவும் நான் அழுதது" என்று சொல்லக்கூடிய ஒரே ஜீவன் காயக்காரர். கடலே அவரைக் கேட்டுத்தான் உப்புக் கரிக்கிறது. தேசங்களின் எல்லைக்கோடுகளை அவர் நெற்றிச் சுருக்கத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள். அவர் இந்த நாட்டுக்கு வந்ததென்னவோ கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில், ஜன்னலோர இருக்கையில், கேட்டு வாங்கிய இன்னொரு டம்ளர் ஆரஞ்சு ஜூஸோடு.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம்மவர்கள் எங்கே போய்க் குடியேறினாலும், வாடகை வீடு கிடைப்பதற்கு முன்பே அங்கே ஒரு காயக்காரர் கிடைத்துவிடுகிறார். தோல் நிறம், குடியேற்றம், சிறுபான்மை அடையாளம் என்று எழுதுவார், பேசுவார், பேசியதை மறுபடி எழுதுவார். எழுதுவது தப்பா? தப்பே இல்லை. எழுத வேண்டியது மலைமலையாகக் கிடக்கிறது. காயக்காரரின் சங்கடம் வேறு. இன்ஷூரன்ஸ் ஆபீசில் நல்ல வேலை, வாசலில் கார், பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போனால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற அளவுக்கு மரியாதை. இப்படி ஒரு கொடுமையான வாழ்க்கையை வைத்துக்கொண்டு மனிதர் எதைத்தான் எழுதுவார்? அதனால் மற்றவர்களின் காயத்தை இரவல் வாங்குகிறார். இரவல் என்பது சும்மா மரியாதைக்கு. திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

எங்கள் வீட்டிலேயே ஒருவரை வைத்துப் பராமரிக்கிறோம். அவரை அப்பா என்று கூப்பிடும் உரிமை எனக்கு உண்டு. அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துக்கொள்கிறேன். இங்கே அவர் காயக்காரர்.

புதிதாக வந்து இறங்கிய ஆளைக் கண்டால் காயக்காரர் கை குலுக்குவதற்கு முன்பே, "எப்படி வந்தீங்க?" என்பார். "விமானத்துலதாங்க" என்று பதில் வந்தால் முகம் விழுந்துவிடும். விட்டுவிடுவாரா? "யாராவது முறைச்சாங்களா? பஸ்ஸுல பக்கத்து சீட்ல உக்காராம எந்திரிச்சுப் போனாங்களா?" அந்த ஆள் இல்லை என்பார். "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்பார் காயக்காரர், தொலைத்த செருப்பைத் தேடச் சொல்வதுபோல. கடைசியில் வந்தவர் வெட்கப்பட்டுப்போய், எவனோ எங்கேயோ தும்மியதைச் சொல்வார். அந்தத் தும்மல் அடுத்த இதழில் இரண்டு பக்கம்.

கடைக்காரப் பெண் "பை வேணுமா?" என்று கேட்டால் அது மௌனமான வன்முறை. கேட்காமல் விட்டால் அது இன்னும் மௌனமான வன்முறை. நிறத்தைப் பற்றிய அவருடைய கட்டுரையோடு அவருடைய போட்டோவும் வரும். கன்னத்தில் கை, கண் ஜன்னலுக்கு வெளியே. அந்தப் போட்டோவை எடுத்தவரிடம் அவர் ரகசியமாகச் சொன்னது: "மூஞ்சியில கொஞ்சம் வெளிச்சம் ஏத்துங்க தம்பி, ரொம்பக் கறுப்பாத் தெரியுது." எதிர்வரிசையில் வேறு தேசத்துக் குடும்பம் ஒன்று குடிவந்தபோது, "இதுங்கள்லாம் வர ஆரம்பிச்சாத் தெரு என்னத்துக்கு ஆகும்" என்று திரையை இழுத்து மூடினவரும் அவர்தான். மூடிய திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிய கட்டுரையின் பெயர், 'திறந்த கதவுகளைத் தேடி'.

சொந்தக் காயமே கிடையாது என்கிற மாதிரி மேலே எழுதிவிட்டேன். அது முழு உண்மை இல்லை. ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை மட்டும் அவர் எந்த மேடையிலும் அவிழ்த்ததில்லை. குளியலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றால் காதில் விழும். அதைக் கடைசிப் பத்திக்கு வைத்திருக்கிறேன். பொறுங்கள்.

இப்போது சித்தி வருகிறாள். காயக்காரர் மனைவியின் தங்கை. இஸ்திரிப் பலகையும் பழைய சைக்கிளும் இருக்கும் சின்ன அறையில், அவற்றோடு ஒண்டிக்கொண்டு இருப்பவள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். ஈரமான படுக்கை விரிப்புகளை இழுத்துப் பிடித்து, சூடான உருளைகளுக்கு நடுவே சுருக்கம் விழாமல் ஊட்ட வேண்டும். இழுத்த விரிப்பை மெஷின் விழுங்கும். கவனம் தப்பினால் விரலையும் ருசி பார்க்கும். அவளுக்குத் தங்கும் அனுமதி முடியப்போகிறது. நீட்டிக்க அடுத்த வாரம் விசாரணை. அங்கே அவளுடைய சூப்பர்வைசர் நேரில் வந்து "இந்தப் பெண் எங்களுக்கு வேண்டும்" என்று சொன்னால் இருக்கலாம். சொல்லாவிட்டால் மூட்டை கட்டலாம். அவ்வளவுதான் அவள் ஜாதகம்.

ஒரு சாயங்காலம் சமையலறையில் அக்காளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு கேன்டீன்ல எனக்குப் பொறந்தநாள் கேக் வெச்சாங்கக்கா. சூப்பர்வைசரே வாங்கிட்டு வந்தாங்க. கேக்குமேல என்ன எழுதியிருந்துச்சு சொல்லு பாப்போம்."

"உன் பேரு."

"ஏழு."

"என்னது?"

"என் மெஷின் ஏழாம் நம்பர்க்கா. வந்த அன்னிக்கு என் பேரை ஒரு தடவை சொல்லிப் பாத்தாங்க, பாதியில மூச்சு முட்டிருச்சு. சரி, ஏழுன்னே இருக்கட்டும்னுட்டாங்க. இப்போ எல்லாருக்கும் நான் ஏழுதான்."

"அடிப்பாவி, கேக்கைப் பாத்தவங்க ஏழு வயசுக் கொழந்தைக்குன்னு நெனச்சிருப்பாங்க."

"அதான் ஒருத்தி பலூன் ஊதிக் குடுத்துட்டா."

இரண்டு பேரும் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் சித்தி ஈரக் கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது, காயக்காரர் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எதையும் எடுக்கவில்லை. உள்ளே வெளிச்சம் எரிந்தது, கதவை மூடச் சொல்லி அது கீச்கீச்சென்று கத்தியது, அவர் காதில் விழவில்லை.

"இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

"எதுக்கு அத்தான்?"

"சும்மாதான். மனசு கேக்கல."

"வெளியில எங்கயும் சொல்லிடாதீங்க. அவங்கதான் எனக்காக வந்து பேசணும்."

"நானா? வயித்துக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன்."

அந்தப் பூட்டுக்குச் சாவி, அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. நகர நூலகத்தில் 'குடியேறியோர் குரல்' கூட்டம், சிறப்புப் பேச்சாளர் நம்மவர். வீட்டில் எல்லோருக்கும் உத்தரவு போட்டிருந்தார்: "ஆள் கூட்டிட்டு வாங்க. நம்ம ஆளுங்க வேண்டாம், இந்த ஊர்க்காரங்களா பாத்துக் கூட்டிட்டு வாங்க." காரணம் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் திட்டு வாங்கிக்கொண்டு கை தட்டுவார்கள். நம் ஆட்கள் நடுவில் எழுந்து, "அந்த வருஷம் நீங்க ப்ரமோஷன்ல இல்ல இருந்தீங்க?" என்பார்கள். சித்திக்கு இந்த ஊர்க்காரர் என்று தெரிந்ததே ஒருவர்தான். நல்ல பெயர் வாங்கின மாதிரியும் இருக்கும் என்று சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு வந்து, இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பின்னால் டீ மேஜைக்குப் போனாள்.

காயக்காரர் மேடை ஏறினார். தண்ணீர் குடித்தார். குடித்த பிறகும் தொண்டை அடைத்தது. அதைப் போன வாரமே பழகி வைத்திருந்தார்.

"நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசுல," என்று இந்த ஊர் மொழியில் தொடங்கினார், "ஒரு சலவைக்கூடத்தில் வேலை செய்தேன்."

தன் கைக்குட்டையைத் தானே துவைத்தறியாத மனிதர். டீ மேஜையில் அவர் மனைவி தலையில் கை வைத்தாள். சித்தி அப்போதும் எதையும் யோசிக்கவில்லை. அத்தானுக்கு இப்படி ஒரு காலம் இருந்ததா என்று ஒரு நிமிஷம் பாவம்கூடப் பட்டாள். பிறகு சூடான உருளைகள் வந்தன. விரல் வந்தது. ஏழாம் நம்பர் வந்தது. "என் பெயரைச் சொல்ல அவர்களுக்கு நாக்கு வளையவில்லை" என்றார், அரங்கம் ப்ச் ப்ச் என்றது. "என் பிறந்தநாளுக்கு ஒரு கேக் வைத்தார்கள்" என்றார். இரண்டாவது வரிசையில் அதுவரை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த கைக்குட்டை அப்படியே நின்றது. சித்திக்கு அங்கிருந்து தெரிந்தது சூப்பர்வைசரின் பின்கழுத்து மட்டும். அது மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

கை தட்டல் ஓய்ந்ததும் சூப்பர்வைசர் நேராக டீ மேஜைக்கு வந்தார்.

"அந்தக் கேக்," என்றார் தணிந்த குரலில், "அது நம்ம கேக்தானே?"

சித்தி என்ன சொல்வாள்? ஆமாம் என்றால் விசாரணைக்கு யார் வருவார்கள்? இல்லை என்றால், அவளுடையது என்று இந்த ஊரில் இருந்த ஒரே பொருளையும் அத்தானுக்கே எழுதிக் கொடுத்த மாதிரி. அவள் ஒரு டம்ளரில் டீ ஊற்றி முடித்தாள்.

"இல்லீங்க மேடம். எங்க அத்தானும் சலவையிலதான் இருந்தாரு. அவருக்கும் ஏழுதான்."

"அவருக்கும் கேக்கா?"

"அவருக்கும் கேக்குதான். அங்க கேலி பண்ண வெச்சாங்க. நீங்க ஆசையா வெச்சீங்க."

"ஆசையாத்தான் வெச்சேன்."

"தெரியும் மேடம்."

சூப்பர்வைசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு காயக்காரரிடம் போனார். "நானும் இந்தத் தொழில்தான். எந்தக் கூடம் உங்களது?"

"அதை... அதை மூடிட்டாங்க."

"மெஷின்? ஒத்தை உருளையா, ரெட்டை உருளையா?"

"பெருசு," என்றார் காயக்காரர், கையை விரித்துக் காட்டி.

சித்தி டீயோடு ஓடினாள். ஓடிய வேகத்தில் கால் இடறியதா, இடற விட்டாளா என்று அவளுக்கே இன்றுவரை நிச்சயம் இல்லை. டீ முழுவதும் காயக்காரரின் வெள்ளைச் சட்டையில். பேச்சு நின்றது, அதுவரைக்கும் நல்லது. ஆனால் மனிதர் என்ன செய்தார்? கைக்குட்டையை எடுத்து அரக்கப் பரக்கத் தேய்த்தார். கறையைத் தேய்த்தால் பரவும் என்பது வீட்டில் சட்டை துவைக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். சூப்பர்வைசர் அந்தக் கையைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து விசாரணை நாள்வரை சித்தி வேலையிடத்தில் சூப்பர்வைசரின் பின்கழுத்து நிறத்தையே கவனித்துக்கொண்டு திரிந்தாள். காயக்காரர் பரவிய கறையைப் பார்த்துப் பார்த்து வருத்தப்பட்டார். "வாய் தவறி வந்துடுச்சும்மா" என்றார் அவளிடம். பேச்சை எழுதி, திருத்தி, கண்ணாடி முன்னால் பழகிய வாய்.

விசாரணை அறையில், கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்பு, கதவைத் தள்ளிக்கொண்டு சூப்பர்வைசர் வந்துவிட்டார். அதிகாரி கேட்டதும் எழுந்து, சித்தியின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர். வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்ட மாதிரி, நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, ஆனால் முதலிலிருந்து கடைசிவரை ஓர் எழுத்து விடாமல். வீட்டில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். சித்தி அந்தப் பெயர் வேறு யாருடையதோ என்று திரும்பிப் பார்த்தாளாம். அனுமதி கிடைத்தது.

மறுநாள் வேலைக்குப் போனால் பழையபடி ஏழுதான். அது வேறு விஷயம்.

"பாத்தியா, என் பேச்சு அந்தம்மா மனசைத் திறந்துடுச்சு" என்று காயக்காரர் வீடு முழுக்க நடந்தார். எரிச்சல் என்னவென்றால், அது பொய் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இவ்வளவையும் எழுதி, குளியலறை விஷயத்தைக் கடைசிப் பத்தியாக வைத்து, அதன் அழகை நானே ரசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் மூச்சுச் சத்தம். காயக்காரர். எப்போதிலிருந்து நிற்கிறாரோ. ஆரஞ்சு ஜூஸுக்குச் சிரித்தார். போட்டோவுக்குச் சிரிக்கவில்லை. பெருமூச்சோடு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, "சித்தியைக் கேட்டியா?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல. அதனாலதான் நீயாவது கேட்டியான்னு கேக்குறேன்."

அவர் நான் எழுதியதன்மேல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

"அந்தம்மாவாவது முக்கி முனகி அவ பேரை முழுசாச் சொன்னாங்க. இதுல அவ பேரு எங்க இருக்கு?"

தேடினேன். இல்லை. சித்தி இருந்தாள், ஏழு இருந்தது.

பிறகு அவர் கடைசிப் பத்தியைப் படித்தார். மெதுவாகத்தான் படித்தார். முடித்ததும் என்னைப் பார்க்காமல், "இதை எப்பக் கேட்ட?" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

என்ன, முகம் விழுந்துவிட்டதா? இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்கிறீர்களா? கதவுக்கு அந்தப் பக்கம் அவர் அப்படி என்னதான் சொன்னார், வெளியில் சொல்லமாட்டோம், மனசு கேக்கல, இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லு என்கிறீர்களா?

முதலில் அந்த ஃபிரிட்ஜை மூடுங்கள்.