சோடாவில் இருப்பது யார் மூச்சு?

அணுவைப் பிளந்தவர்கள் பல தேசங்களில் இருக்கிறார்கள். சோடாவைப் பிளந்தவர்கள் குற்றாலத்தில் மட்டுமே இருந்தார்கள் என்பதை மனிதகுலத்துக்கு இதன்மூலம் அறிவிக்கிறேன்.

நயா பைசா வந்த வருஷம். சாரல் இன்றோ நாளையோ என்றிருந்தது. அருவிப் பாதையில் யார் யார் கடை போடலாம் என்று தீர்மானிக்கும் 'சீசன் நலச் சங்க'த்தில் அடியேனும் ஓர் உறுப்பினன். தலைவர் சங்கரநாராயணன், ஓய்வுபெற்ற தாசில்தார். ஓய்வு பெற்றது உத்தியோகம்தான், குரல் அல்ல.

மேலகரம் ஒலி முகம்மதுவின் சோடாக் கடைக்கு அனுமதி கொடுக்கக் கூடியிருந்தோம். மாதிரிக்கு வந்த சோடாவை ஆளுக்கொன்றாகக் குடித்துக்கொண்டிருந்தபோது, விஞ்ஞான வாத்தியார் ஏசுதாசன் சும்மா இருக்கமாட்டாமல் வாயைத் திறந்தார்.

"இதுல பொங்குதது கரியமில வாயு. நாம வெளிய விடுத மூச்சுலயும் அதுதான் இருக்கு."

தலைவர் பாட்டிலை மேஜைமேல் வைத்தார். அவ்வளவு மெதுவாக இந்தியாவில் எந்தப் பொருளும் வைக்கப்பட்டதில்லை.

"அப்போ இது யாரு விட்ட மூச்சு, சாயபு?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? மதுரையிலேருந்து இரும்பு உருளையில வருது. மூச்சு விட்ட ஆளு கூட வரலையே."

"மதுரையில கண்டவனும்லா மூச்சு விடுதான்!"

"அண்ணாச்சி, சீசன்ல வித்தாத்தான் வருஷம் முச்சூடும் எங்க வீட்டுல உலை கொதிக்கும். இப்போ போயி இல்லைன்னா நான் எங்கன போவேன்?"

தலைவர் மனமிரங்கி 'விஞ்ஞான விசாரணை'க்கு உத்தரவிட்டார். ஏசுதாசன் பள்ளிக்கூடத்துக்கு ஓடித் தெளிந்த சுண்ணாம்பு நீரும் நீளமான ரப்பர் குழாயும் கொண்டுவந்தார். கரியமில வாயு பட்டால் அந்த நீர் பால்போல் வெளுக்குமாம்.

முதல் கிளாஸில் சோடாவின் வாயுவை விட்டார். வெளுத்தது. இரண்டாவதில் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். வெளுத்தது.

"பாத்தீரா, நம்ம மூச்சு என்ன வெள்ளை!"

கைதட்டினோம்.

"இனி ஒப்பிட்டுப் பாக்க வேற மாதிரி மூச்சு ஒண்ணு வேணும்லா?"

எந்த மாதிரி என்று தலைவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அருவிப் பாதையைக் கூட்டுகிற பலவேசத்தைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் உள்ளே வரும் சிரமத்தைத் தவிர்ப்பதற்காகக் குழாயின் ஒரு முனையை மூன்றாவது கிளாஸில் விட்டு, மறுமுனையை ஜன்னல் வழியே வெளியே நீட்டியது எங்கள் சங்கத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"ஏலே பலவேசம், இதுல ஊது!"

"எதுக்கு சாமி? உள்ள யாருக்கும் பேய் புடிச்சிருக்கா?"

"ஊதுலே! விஞ்ஞானம்!"

ஊதினார். வெளுத்தது. தலைவருடையதைவிடச் சீக்கிரமாகவே வெளுத்தது.

இந்தப் பரபரப்பில் யாரோ கிளாஸ்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

"இதுல என் மூச்சு எது?" என்றார் தலைவர்.

யாருக்கும் தெரியவில்லை.

"வாத்தியாரே, ஆளு வித்தியாசம் தெரியாத தண்ணி என்ன தண்ணிவேய்?"

"தண்ணி சரியாத்தான் இருக்கு சார்" என்றார் ஏசுதாசன். அவரை அத்துடன் உட்காரச் சொன்னோம்.

ஆலோசனை நடந்தது. வாயுவைப் பிரிக்க விஞ்ஞானம் இடம் கொடுக்கவில்லை. பாட்டிலைப் பிரிக்க அது குறுக்கே நிற்கவில்லை. கடைக்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு பெட்டி பாட்டில்களின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டித் தனியே வைக்கவேண்டும். ஏகமனதாக நிறைவேறியது.

ஒலி முகம்மது ஜன்னலுக்கு வெளியே நின்ற பலவேசத்தைப் பார்த்தார். மலைமேல் இறங்கிக்கொண்டிருந்த மேகத்தைப் பார்த்தார்.

"கட்டிருதேன் அண்ணாச்சி."

"சாமி, ஊதுனதுல தொண்டை காஞ்சிட்டு" என்றது வெளியே ஒரு குரல். "எனக்கு ஒரு சோடா தருவீகளா?"

விஞ்ஞானத்துக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பாராட்டி, கயிறு கட்டிய முதல் பாட்டிலை இலவசமாகவே வழங்கினோம். கோலியை அமுக்கி, ஒரே மூச்சில் குடித்து, திருப்தியாக ஏப்பம் விட்டார்.

பிறகு பாட்டிலை அவரையே கழுவி வைக்கச் சொன்னோம்.