சம்பளம் தருகிற ரியூசன்

சாவகச்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சான் பிரகாஸ் அறிவது,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உமது அக்காவும் சுகம். ரொறன்ரோவில் இருந்துகொண்டு எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்த நீரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

"இஞ்சை பிள்ளையள் படிச்சுக்கொண்டே வேலையும் செய்யுதுகள், அத்தான்" என்று போனில் அருளினீரே, அதைக் கேட்ட எங்கள் மகள், உமது அருமை மருமகள் ஆரபி, கிழமையில் மூன்று நாள் தொழில்நுட்பக் கல்லூரி, மூன்று நாள் குருநகரில் கனிசியஸ் என்பவரின் படகு எஞ்சின் பட்டறை என்று ஏற்பாடு செய்துவிட்டாள். ஆறு மாதப் பயிற்சி முடித்தால்தான் டிப்ளோமாவாம். பயிற்சிக்குச் சம்பளமும் உண்டாம். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். படிக்கிறவளுக்குப் படிப்பிக்கிறவன் காசு கொடுத்ததை எங்கும் கண்டதில்லை. காசு வாங்காத ரியூசனையே ஊரில் ஒருவரும் மதிப்பதில்லை. காசு தருகிற ரியூசனின் தரத்தை நீரே யோசியும்.

ஆனாலும் முறை தவறாமல் முதல் நாள் வெற்றிலை, பழத்தோடு போய், பாடத்திட்டமும் கடந்த ஐந்து வருட வினாத்தாளும் கேட்டேன். கனிசியஸ் கிரீஸ் கையால் ஒரு பழைய எஞ்சினைத் தட்டி, "உந்த எஞ்சினைக் கழட்டிப் பூட்டினால் பாஸ், ஐயா" என்றார். என்ன அருமையான நிர்வாகம்! அன்று முதல், ரியூசன் வாசலில் நிற்பதுபோல, அவள் வேலை முடியும்வரை பட்டறை வாசலில் நிற்கிறேன். வேறு எந்தப் பெற்றோரும் வருவதில்லை. அது அவர்களுடைய பொறுப்பின்மை.

கல்லூரிச் சோதனை வருகிறதே என்று போன கிழமை கனிசியஸிடம் அவளுக்கு ஒரு மாத லீவு கேட்டுக் கடிதம் கொடுத்தேன். வேலைக்குப் போகிற பிள்ளை, வீட்டில் எழுதிக் கொடுக்கிற ஒப்படைகளைக் குறையுங்கள் என்று கல்லூரிக்கு இன்னொன்று. இரண்டு பகுதியும் போனில் கதைத்துப்போட்டு, பயிற்சியையே நிற்பாட்டுவோமா என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். கெஞ்சித்தான் தப்பினாளாம். வீட்டுக்கு வந்து, "அப்பா, எனக்கு உதவி செய்யிறதெண்டால் ஒண்டும் செய்யாமல் இருங்கோ" என்றாள். எனக்கு நெஞ்சு நொந்துபோயிற்று, மச்சான். அவள் சோதனையில் கோட்டை விட்டுவிடுவாளோ என்று எனக்கு உண்மையாகவே பயமாயிருக்கிறது.

ஆகவே உடனே போன் எடுத்து, வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொல்லும். நீர் சொன்னால் கேட்பாள். என்ரை சொல்லை இந்த வீட்டில் கோழிகூடக் கேட்பதில்லை.

உமக்கும் தயாளினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். குளிருக்குள் கவனம்.

இப்படிக்கு,
கோபம் தீராத அத்தான்
பரமலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் கனிசியஸ் போன் எடுத்தார். "ஐயா, சும்மா வெயிலுக்கை நிக்காமல் உள்ளுக்கை வந்து பில்லை எழுதுங்கோ, சம்பளம் தாறன்" என்றார். திங்கட்கிழமை தொடங்குகிறேன். முதல் மாதம் எனக்கு வேலை பழக்குவது ஆரபிதானாம். தயவுசெய்து அவளுக்குப் போன் எடுத்து ஒன்றும் சொல்லிவிடாதேயும்.