கல் பாவி முடித்தபோது நான் உள்ளே இருந்தேன்

சந்தேகப்படுகிறவன் ஏமாறமாட்டான் என்பார்கள். சுத்தப் பொய். அவனை ஏமாற்ற இன்னொரு ஆள் தேவையில்லை, அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்கு என்னை மேனேஜராகப் போட்டார்கள். (மேனேஜர் என்றால் பெருக்குவதும் நான்தான்.) முதலாளிக்கு ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி. எந்த மூட்டை வந்தாலும் அடிவரை கைவிட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். எனக்கு முன்னால் இருந்தவரைத் திருட்டுக்காகத் துரத்தியிருந்தார். "சீசனுக்குள்ள வாசல்ல இருக்கிற சிமெண்டுத் தளத்து மேல கல் பாவி வை. ஒரு கை சிமெண்டு வெளிய போச்சுன்னாலும் ஒனக்கு இங்க சோலி இல்ல" என்றார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் நான் ஒருவன்தான். அன்றோடு என் தூக்கம் போயிற்று.

சிமெண்டு சர்க்கார் பெர்மிட்டில்தான் கிடைத்த காலம். மூட்டைகளை முன்னறையில் அடுக்கினேன். பங்களாவுக்கு இரண்டே வாசல். பின்வாசலை வெளியே பூட்டிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டேன். வட்டக்கானலிலிருந்து கொத்தனார் பெருமாள் வருவதற்குள் முன்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவேன். அவர் போன பிறகுதான் வெளியே வருவேன். குரங்குக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் கம்பி போட்டிருந்தார்கள். அந்தக் கம்பி வழியாகத்தான் சிமெண்டை டப்பாவில் அளந்து கொடுப்பேன்.

பழைய தளத்தை அவர் உளியால் கொத்த ஆரம்பித்ததும் எனக்கு உறுத்தியது. நல்ல தளத்தை எதற்கு உடைக்கிறார்?

"வழுவழுன்னு இருந்தா கலவை பிடிக்காது தம்பி" என்றார். பதில் வந்த வேகமே சந்தேகமாக இருந்தது. அவர் இருமினால்கூட யாருக்கோ ஜாடை காட்டுகிறார் என்று எட்டிப் பார்ப்பேன்.

கதவோரத்தை மட்டும் கடைசி நாளுக்கு வைத்திருந்தார். முதலாளி வருகிற அன்று மத்தியானம், வாசற்படியை ஒட்டிக் கடைசிக் கல்லும் உட்கார்ந்தது. "முடிஞ்சிருச்சு, வந்து பாருங்க" என்றார் பெருமாள். கதவைத் தள்ளினேன். அசையவில்லை. வெள்ளைக்காரன் கட்டிய பங்களா. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். கலவையும் கல்லுமாகத் தளம் மூன்று விரற்கடை உயர்ந்து கதவின் அடியை மறித்து நின்றது. (தினமும் அதைத் தள்ளித் திறந்தவன் நான். எனக்கே தோன்றவில்லை.)

"கொத்தனாரே, கதவு வெளியதான் தெறக்கும்னு ஒமக்குத் தெரியாதா?"

"நீங்க தெறந்து நான் எங்க பாத்தேன்? ரெண்டு கல்லப் பேத்துருவமா?"

"முதலாளி வர்ற நேரத்துலயா? தொடக்கூடாது."

"அப்ப பின்வாசல் சாவியக் குடுங்க. வெரசாத் தெறந்து விடுறேன்."

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஓகோ, இத்தனை நாள் வேலையும் இந்தச் சாவிக்காகத்தானா?

"சாவிய மட்டும் கேக்காதீரு" என்றேன். பெருமாள் மிச்சம் கிடந்த கல்லொன்றில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

முதலாளியின் கார் வந்தது. கம்பிக்குப் பின்னால் என்னையும், எனக்குப் பின்னால் மூட்டைகளையும் பார்த்தார். முகம் கறுத்தது.

"இவனுமா? கையுங்களவுமாப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கீரா?" என்று பெருமாளைக் கேட்டார்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"நான் அடைக்கலீங்க" என்றார் பெருமாள். "அவராத்தான் அடைச்சுக்கிட்டாரு. சாவியும் அவரு இடுப்புலதான் கெடக்கு. கேட்டா தரமாட்டேங்கிறாரு."

முதலாளி கம்பிக்குள் கையை நீட்டினார். சாவியை அவிழ்த்துக் கொடுத்தேன். பின்வாசல் வழியாக வந்து மூட்டைகளைத் துழாவினார். கணக்குச் சரியாக இருந்தது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, திருடுறதுக்குக் கொஞ்சமாவது மூளை வேணும். நீயே இரு."

வேலை நிலைத்தது. கல்லைப் பேர்க்க மனமில்லாமல் கதவின் அடியை அறுத்துவிட்டார்கள்.

பிறகு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் மண்டியில் போய் விசாரித்தார்கள். "பையன் திருடமாட்டான். அதுக்கு வேண்டிய சரக்கு மண்டையில கெடையாது" என்றாராம் முதலாளி. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் மாமனார் பெண்ணைக் கொடுத்தார். இன்றைக்கும் வீட்டில் ஏதாவது காணாமல் போனால், என் மனைவி பேரன் பேத்தி வரை எல்லாரையும் நிறுத்தி விசாரிப்பாள். என்னை மட்டும் கேட்கமாட்டாள்.