கண்ட்ரி மியூசிக்குக்கு நையாண்டி மேளம் பிடித்தேன்

இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லித்தான் ஏற்காட்டில் அந்த ரிசார்ட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். தெரியும்தான். தெரியாத இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம்தான் அப்போது கிடையாது.

சேர்ந்த இரண்டாவது மாதம், பெங்களூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். அப்பாவுக்கு எழுபதாவது பிறந்தநாளாம். "அவருக்குக் கண்ட்ரி மியூசிக்னா உயிர். பழசுலேர்ந்து புதுசு வரைக்கும் வர்ற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க."

கண்ட்ரி என்றால் நாட்டுப்புறம். (இதுக்கு டிக்‌ஷனரி வேறயா?) கிளியூர் மாரிமுத்து அண்ணனின் நையாண்டி மேளத்தை நாலு மணிக்கு வரச் சொன்னேன். மேனேஜரிடம் "எல்லாம் ரெடிங்க சார்" என்றபோது என் தலை மேகத்தில் இருந்தது. (ஏற்காட்டில் எல்லார் தலையும் அப்படித்தான்.)

பெரியவர் அமெரிக்கக் கௌபாய் படத்தில் வருகிறவர்போல் அகலத் தொப்பியும் முழங்கால் பூட்ஸுமாகப் புல்வெளிக்கு வந்தார். தொப்பியைப் பார்த்ததுமே மேளத்தை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டினேன். அதற்குள் தவில் முழங்கிவிட்டது. நாதஸ்வரம் ஊதிய ஊதலில் கேக்கின் மெழுகுவத்திகள் தாமாகவே அணைந்தன. மகள் முகம் சிவந்தது. மூட்டையைக் கட்டு என்பதுபோல் மேனேஜர் என்னைப் பார்த்தார்.

பெரியவரோ மாரிமுத்து அண்ணனை அருகில் உட்காரவைத்து, தன் போனில் பாட்டுப் போட்டார். முதலில் வயலின், கிட்டார், மூக்கால் அழும் ஒரு குரல். சில வருஷம் தள்ளி வந்த பாட்டில் பெரிய வாத்தியக்குழு இழைந்தது. அதற்கடுத்ததில் எலெக்ட்ரிக் கிட்டார் அதிர்ந்தது. இந்தக் காலத்துப் பாட்டில் பாதி பேச்சு, கம்ப்யூட்டர் தாளம். இவையெல்லாம் ஒரே இசையா என்று நானும் வேலையை மறந்து பக்கத்தில் குந்திவிட்டேன்.

"எதப் பத்திங்க பாடறாங்க?" என்றார் அண்ணன்.

"முக்காவாசி லாரி, விஸ்கி, விட்டுட்டுப் போன பொண்ணு," என்றார் பெரியவர்.

"ஏனுங்க, மொதப் பாட்டுல ஆளு நெசமாவே அழுவுறானுங்க. கடைசிப் பாட்டுல லாரி நொம்பப் புதுசா இருக்குது, அழுவ ஆளத்தான் காணமுங்க."

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "உங்க மேளம் எப்படி?"

"எங்களுதும் அப்பிடித்தானுங்க. முன்னால தவிலும் பம்பையும் போதும். பொறவு சினிமாப் பாட்டு கேட்டாங்க. இப்பக் கீபோர்டு இல்லாட்டி கண்ணாலத்துக்கே கூப்புடறதில்லைங்க."

டீ ஆறிப்போகும்வரை இருவரும் மாற்றி மாற்றிப் பாடிக் காட்டினார்கள். என் வேலை தப்பியது. மானம் தப்பவில்லை. மறுநாள் விருந்தினர் நோட்டில் பெரியவர் எழுதியிருந்தார்: "அருமையான கண்ட்ரி மியூசிக். கண்ட்ரிதான் வேற."

அதைப் போட்டோ எடுத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பியது என் அடுத்த முட்டாள்தனம்; வீடே அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. போன வாரம் கொத்தமல்லிக்குப் பதில் புதினா வாங்கி வந்துவிட்டேன். பையைத் திறந்து பார்த்த என் மகள் சொன்னாள்: "தழை நல்லாத்தான் இருக்குதும்மா. கண்ட்ரிதான் வேற."