பழசு வாங்கினா தப்பா?

"ஏம்மா, பழசு வாங்கினா தப்பா?" என்று அப்பா பதினோராவது முறையாகக் கேட்டபோது, தமயந்தி தட்டில் இருந்த முருங்கைக்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் அவளிடம் இருந்தது. பத்து முறை சொல்லியும் ஆகிவிட்டது.

"தப்புன்னு இல்லப்பா. புதுசுல வேகம் ஜாஸ்தி. நினைவகம் ரெண்டு மடங்கு. விலையும் கிட்டத்தட்ட அதேதான். அப்புறம் எதுக்குப் பழசு?"

அப்பா சிவலிங்கம் தலையாட்டினார். மோர் சாதம் அப்படியே இருக்க, எழுந்து கை கழுவப் போனார்.

ஜூலை மழையில் வங்காளத்துப் பெஹாலா முழுக்கத் தண்ணீர் நின்றது. தரைத்தளத்து வீட்டுக்குள்ளும் வந்தது. மேசைக்குக் கீழே இருந்த கம்ப்யூட்டர் அன்றோடு சரி. தமயந்தி எம்.ஃபில். இயற்பியல். துர்கா பூஜை விடுமுறைக்குக் கல்லூரி மூடுவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போய்விடும். துறையில் இருந்த ஒரே கம்ப்யூட்டருக்கு ஏழு பேர். அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. அதில் இருபது நிமிடம் அது கண் விழிப்பதற்கே சரியாக இருந்தது.

"லேப்டாப் வாங்கித் தாரேன், கொஞ்சம் பொறு" என்றிருந்தார் அப்பா. துறைமுக அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். சொன்னால் செய்வார். ஒரு மாடலின் பெயரைக்கூடச் சொன்னார். ஆகஸ்ட் பதினாறாம் தேதி காலைச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம் வந்தது: அதே லேப்டாப்பின் அடுத்த மாடல். அன்று அப்பாவின் காப்பி ஆடை படிந்து ஆறிப்போனது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி.

பேசிப் பயனில்லை என்று தமயந்தி எழுதிக் கொடுத்தாள். அப்பாவுக்குக் காகிதத்தில் நம்பிக்கை உண்டு. பழசு ஒரு பத்தி, புதுசு ஒரு பத்தி, நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு. பதினான்கு அம்சங்கள். பதின்மூன்றில் புதுசு வென்றது. எடையில் மட்டும் சமம்.

அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். ஓரத்தில் 'மேலும் கருத்துக் கேட்கலாம்' என்று எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் போட்டார். பிறகு போய்ப் படுத்துக்கொண்டார்.

"ஏட்டி, என்னத்தக் காட்டின அவருட்ட?" என்றாள் அம்மா சாவித்திரி. "மேலுக்குச் சொகமில்லன்னு சொல்லுதாரு."

"பட்டியல்மா."

"ஒன் பட்டியல்ல தீய வைக்க."

சரி, விஷயம் தெரிந்தவர் சொன்னால் கேட்பார் என்று நினைத்தாள். சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்த அத்தை மகன் சாய்ராமுக்குப் போன் போட்டு அப்பாவிடம் கொடுத்தாள்.

"ஏய், பழச வாங்கினா தப்பா?" என்றார் அப்பா. குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது.

"மாமா, வெளையாடுறீங்களா? புதுசு வந்தப்புறம் அத எவன் வாங்குவான்? பேப்பர் பறக்காம மேல வைக்கலாம், அவ்வளவுதான்."

அப்பா ரிசீவரை வைத்துவிட்டு இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

"சாய்ராம் சின்னப் பய. அனுபவம் கெடையாது. இன்னும் ஒருத்தர்ட்ட கேப்போம்."

அந்த இன்னும் ஒருத்தராக, துறையின் சீனியர் அரிந்தம்தாவை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே கூட்டி வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாதவள், இதைக் கேட்க மூன்று நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். அவர் ஆறு தோசை சாப்பிட்டார். அப்பா கேட்டார். அரிந்தம்தா சட்னியை வழித்தபடி, அப்பாவைப் பெரியப்பா முறை வைத்து அழைத்து, வங்காள மொழியில் சொன்னார்:

"மேஷோமஷாய், காலையில பிடிச்ச இலிஷ் மீன் பக்கத்துல இருக்கிறப்போ, போன வாரத்து இலிஷை யாராவது வாங்குவாங்களா?"

மீனே சாப்பிடாத அப்பாவுக்கு, தொண்டையில் முள் மாட்டியது போல் முகம் போனது.

அன்றிரவு அம்மா அடுக்களையில் கிசுகிசுத்தாள். "மனுசன் தூங்கி ஒரு மாசம் ஆச்சு. நீ ஏட்டி அவரப் போட்டு இந்தப் பாடு படுத்துத?"

"நானா?"

"பின்ன, நானா லேப்டாப் கேட்டேன்?"

அப்பாவுக்கு வாங்க மனமில்லை என்று தமயந்தி முடிவுக்கு வந்தாள். மறுநாள் காலை தைரியத்தைத் திரட்டி, "அப்பா, நீங்க கஷ்டப்பட வேண்டாம். உதவித்தொகையில தவணை போட்டு நானே புதுச வாங்கிக்கிறேன்" என்றாள்.

"கூடாது!"

இருபத்து மூன்று வருடத்தில் அப்பா அவளிடம் கத்தியது அதுவே முதல் முறை. கத்திவிட்டு அவரே பயந்துபோனார். "அவசரப்படாத தாயி" என்று முனகிக்கொண்டு குடையை எடுத்தார். வெளியே சுள்ளென்று வெயில்.

கடைசியாக, டிராம் டிப்போவுக்கு எதிரே இருந்த டைப்பிங் கடையில் ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாம் அத்தியாயத்தில் ஐம்பத்தொரு சமன்பாடுகள். கடைக்காரரின் கம்ப்யூட்டருக்கு கிரேக்க எழுத்து தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெற்றுக் கட்டம் போட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு நாள் கட்டங்களை ஒவ்வொன்றாக மாற்ற வைத்தாள். ஐம்பதாவது சமன்பாட்டில் மின்சாரம் போனது.

"சேவ் பண்ணலையா?" என்றாள்.

"நீங்க சொல்லலையே, தீதி" என்றார் அவர்.

டிராமில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அழுவதற்கு டிராமில் நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

மூன்று நாள் மீதி இருந்தது. முதல் நாள் பந்த் என்று அறிவித்தார்கள். பஸ் இல்லை, கல்லூரி இல்லை. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தமயந்தி வெள்ளைத்தாளில் மூன்றாம் அத்தியாயத்தைக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் பிரதியை வாங்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதினாள்.

அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். சட்டை தோளில் தொங்கியது.

"ஏம்மா, பழசு..."

அவளிடம் வாதம் எதுவும் மிச்சமில்லை.

"பழசே வாங்குங்கப்பா. நல்ல மிஷின்தான். எனக்கு அதுவே போதும்."

அப்பா நிமிர்ந்தார். "நெசமாவா? எனக்காகச் சொல்லுதியா?"

"நெசமாத்தான்."

"பொறவு புதுசுதான் வேணும்னு சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"அம்மா முன்னால சொல்லு."

அடுக்களை வாசலில் நின்று சொன்னாள். அம்மா கரண்டியோடு தலையாட்டினாள்.

அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்தார்.

"அப்பா, இன்னிக்கு பந்த். கடையே இல்ல!"

அவர் காதில் விழவில்லை. தமயந்தி பேனாவை மூடி வைத்தாள். ஊரில் ஒரு கடைகூடத் திறக்காத நாளாகப் பார்த்து வாங்கக் கிளம்பியிருக்கிறார். போகட்டும். ஒரு வருடம்தானே. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. மேல்மாடி வீட்டு வங்காளி அம்மா, மித்ரா மாஷிமா, ஒரு பெரிய அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், படியில், தலையைக் குனிந்தபடி அப்பா.

மாஷிமா பெட்டியை அவள் கையில் திணித்துவிட்டு, மூச்சு வாங்க வங்காள மொழியில் பொரிந்து தள்ளினார்:

"உங்க ஆடி மாசத்துல புதுப்பொருள் வீட்டுக்குள்ள வரக் கூடாதாமே, எங்க வங்காளி வீட்டுல ஆடி கிடையாதுன்னு உன் பாபா இந்த லேப்டாப்பை வாங்கின அன்னிக்கே என் அலமாரியில வச்சார், அப்புறம் புதுசு வந்துடுச்சு, பழசு நல்லதுன்னு யாராவது ஒருத்தர் சொன்னாத்தான் எடுப்பேன்னுட்டார், ரெண்டு மாசமா என் பட்டுப்புடவை எல்லாம் கட்டில்ல கிடக்குதும்மா!"